கழுத்தில் விட்ட விரிசல்: ஒரு பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கிக்குப் புதுக் கட்டை

துப்பாக்கிக் கட்டையில், அதாவது தோளில் வைத்துப் பிடிக்கும் மரப் பகுதியில், விரிசல் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "ஒட்டினால் நிற்குமா?" என்றுதான். விரிசலின் நீளத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்த இடத்தில் பிளந்தது, எதனால் பிளந்தது என்று தெரிந்தால் பதில் தானாக வரும். அது தெரியாமல் ஒட்டினால், பசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கட்டை மறுபடியும் அதே இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ பிளக்கும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்து வந்த ஒரு 12 போர் (குழாயின் அகல அளவு) ரெட்டைக்குழல் துப்பாக்கியின் கதையை முழுதாக எழுதுவதற்குக் காரணம் இதுதான். தொடக்கத்தில் எல்லோருக்கும் அது கீழே விழுந்து உடைந்த கட்டையாகத்தான் தெரிந்தது.

வேலை நடந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தச்சன். நாற்காலி, கதவு, சாமி மேடை இவைதான் என் பிழைப்பு. துப்பாக்கி பழுது பார்க்கும் உரிமம் என்னிடம் இல்லை. ஈப்போவில் உரிமம் வைத்திருக்கும் ஒரு துப்பாக்கிக் கடைத் தவுக்கே (கடை முதலாளி), மரவேலை மட்டும் வரும்போது என்னைக் கூப்பிடுவார். இரும்பு வேலை எல்லாம் அவருடையது. நான் அவருடைய பட்டறையில், அவர் கண் முன்னால் மரத்தை மட்டும் தொடுவேன். உடைந்த கட்டையாக இருந்தாலும் கடையை விட்டு வெளியே போகாது. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அவ்வளவு கண்டிப்பானது. 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. அதனால், வீட்டில் பழைய துப்பாக்கி இருந்து அதன் கட்டை உடைந்திருந்தால், தெரிந்த தச்சரிடம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். லைசன்ஸ் புத்தகத்தோடு உரிமம் பெற்ற கடைக்குப் போங்கள். என் வேலையும் அந்தக் கடைக்குள்தான் தொடங்குகிறது.

துப்பாக்கியும் அதன் உடைமைக்காரரும்

உடைமைக்காரர் அறுபதைத் தாண்டியவர். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே கொஞ்சம் செம்பனையும் டுரியானும் வைத்திருக்கிறார். கன்றுச் செம்பனையின் குருத்தைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிடும், மிச்சத்தை முள்ளம்பன்றி பார்த்துக்கொள்ளும். துப்பாக்கி அவர் அப்பாவுடையது. அப்பா அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போனதை அப்பா முறைப்படி வாங்கியிருக்கிறார். அப்பா காலமான பிறகு மகன் தன் பெயரில் லைசன்ஸ் வாங்கியிருக்கிறார்.

அந்த வட்டாரத்தில் துரைமார் பங்களாக்களில் துப்பாக்கி இருந்தது வெறும் வேட்டைக்காக மட்டும் இல்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டைச் சுற்றி எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு அடுத்த சில நாட்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் (கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோடு அரசு நடத்திய சண்டைக் காலம்) வந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. இந்தத் துப்பாக்கி அந்தச் சண்டைக்காகச் செய்ததில்லை. பறவை வேட்டைக்காகப் பர்மிங்காமில் செய்த சாதாரண பாக்ஸ்லாக் துப்பாக்கி. ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷமும் எப்போதும் எண்ணெய் போட்டு, குழாய் மேலே பார்க்க, கைக்கு எட்டும் இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார்களாம். அப்பா சொல்லி மகனுக்குத் தெரிந்த செய்தி இது. கட்டையைப் பிரித்துப் பார்த்தபோது இந்தச் செய்திக்கு இருந்த முக்கியத்துவம் புரிந்தது.

அவர் சொன்ன விபத்து எளிமையானது. பிக்கப் வண்டியின் பின்கதவில் சாய்த்து வைத்திருந்த துப்பாக்கி, தோட்டா இல்லாத நிலையில், சரிந்து கல்லில் விழுந்திருக்கிறது. கைப்பிடிக் கழுத்தில் விரிசல். மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றிக்கொண்டு அதற்குப் பிறகும் சுட்டிருக்கிறார். விரிசல் வாயைத் திறந்த பிறகுதான் கடைக்கு வந்தது.

"தம்பி, இது அப்பா கன்னத்துல வச்சுச் சுட்ட கட்டை. எப்படியாச்சும் ஒட்டிக் குடுத்துடு" என்றார்.

"பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேங்கய்யா. இப்பவே வாக்குக் குடுக்க முடியாது" என்றேன்.

பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது

தவுக்கே குழாயையும் ஆக்‌ஷனையும் கழற்றிக் கட்டையை மட்டும் என்னிடம் கொடுத்தார். குழாய்க்குப் பின்னால், விசை இயந்திரம் இருக்கும் உலோகப் பகுதிதான் ஆக்‌ஷன். டியூபை அவிழ்த்ததும் கட்டை கிட்டத்தட்ட இரண்டாகவே வந்தது. ஆக்‌ஷனின் மேல் வால்பட்டை (பின்னால் நீளும் மெல்லிய உலோகப் பட்டை) முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் தொடங்கிய பிளவு, கழுத்தின் குறுக்கே சாய்வாக இறங்கி, விசைக்காப்பு வளையத்தின் பின்பக்கம் வரை போயிருந்தது.

பிளந்த முகத்தில் இரண்டு நிறம் இருந்தது. மேல் வால்பட்டைக்குப் பக்கத்தில் பாதிக்கும் மேல் கறுப்பு, பழைய எண்ணெயும் அழுக்கும் ஊறிய கறுப்பு. கீழ்ப்பகுதி மட்டும் புதுசாகப் பிளந்த மரத்தின் வெளிர் பழுப்பு. விழுந்த அன்றைக்கே முழுதும் பிளந்திருந்தால் முகம் முழுவதும் ஒரே நிறமாக இருந்திருக்கும். விரிசல் உள்ளே பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. விழுந்தது அதை முடித்துவைத்தது, அவ்வளவுதான். உடைந்த கட்டை எதுவாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த நிறத்தைத்தான். உடைமைக்காரர் மறந்துபோனதையும் அவருக்கே தெரியாததையும் அது காட்டிவிடும்.

அடுத்துக் கட்டையின் தலை. ஆக்‌ஷனின் முதுகு வந்து உட்காரும் முகத்தைத்தான் தலை என்கிறேன். பாக்ஸ்லாக் என்பது 1875இல் வந்த ஆன்சன், டீலி இருவருடைய அமைப்பு. விசை இயந்திரம் எல்லாம் உலோகப் பெட்டிக்குள் இருக்கும். பின்னால் வரும் உதைப்பு, அந்தப் பெட்டியின் முதுகு வழியாகத்தான் மரத்துக்குள் இறங்கும். அந்த முகம் முழுவதும் ஒரே சீராக உலோகத்தைத் தாங்கினால் உதைப்பு பரவிப் போகும். இந்தக் கட்டையில் முகம் கரிக்கட்டை மாதிரி கறுத்து, ஓரங்கள் நசுங்கிப் போயிருந்தன. ஊசி முனையை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கியது. அதே ஊசி கட்டையின் தோள் பக்கத்தில் இறங்கவே இல்லை. தலையில் இருந்து ஒரு சிம்பைப் பிய்த்து வளைத்தேன். நார் நீளமாகக் கிழியாமல் மொடுக்கென்று ஒடிந்தது. தோள் பக்கத்துச் சிம்பு வளைந்து, நாராகப் பிரிந்துதான் ஒடிந்தது. ஒரே மரம், இரண்டு விதமான சாவு.

காரணம் எண்ணெய். குழாய் மேலே பார்க்க நிறுத்தி வைத்தால், உலோகத்தில் போட்ட எண்ணெய் எல்லாம் மெல்ல இறங்கிக் கட்டையின் தலையில் சேரும். இந்தக் கட்டை வால்நட் மரம்; வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்த வால்நட் மெத்தென்று ஆகிவிடும், அழுத்தத்தைத் தாங்காது. பயந்து பயந்து எண்ணெய் போட்டு நிறுத்தி வைத்த அந்தப் பன்னிரண்டு வருஷமும் இதில் பங்கு எடுத்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

தலை நசுங்கினால் என்ன ஆகும்? ஆக்‌ஷனைக் கட்டையோடு பிடித்திருக்கும் திருகாணிகள் தளரும். ஒவ்வொரு சுடலிலும் ஆக்‌ஷன் ஒரு நூல் அளவு பின்னால் போய் மோதும். முதுகு முழுவதும் தாங்க வேண்டிய உதைப்பு, மேல் வால்பட்டையின் நுனிக்குப் போய்விடும். வால்பட்டை மெல்லியது, கழுத்தின் நடுவில் மரத்துக்குள் பதிந்திருப்பது. அதன் நுனி மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் சுடும்போதெல்லாம் அது ஆப்பு வேலை செய்யும். இந்தக் கட்டையில் வால்பட்டை நுனிக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு காகிதம் போகக்கூட இடம் இல்லை. விரிசல் அங்கேதான் தொடங்கியிருந்தது.

நார் ஓட்டமும் உதவவில்லை. நல்ல கட்டையில் மரத்தின் நார் கழுத்தின் வழியாக நேராக ஓடும். இதில் கழுத்துக்குக் குறுக்கே சாய்ந்து வெளியேறியது. தோள் பக்கம் அழகான வரிகள் இருந்தன, அந்த அழகுக்காகப் பலகையை அப்படி வெட்டியிருக்கலாம்.

இவ்வளவும் நான் மரத்தில் படித்தது. இன்னொரு காரணத்தைக் கண்டுபிடித்தவர் தவுக்கே. குழாயின் அடியில் இருக்கும் பர்மிங்காம் சோதனை முத்திரையைப் பார்த்தார், தோட்டா உட்காரும் அறையை அளந்தார். அது 65 மில்லிமீட்டர் அறை, அதாவது பழைய இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கானது. உடைமைக்காரர் சுட்டுக்கொண்டிருந்தது 70 மில்லிமீட்டர் தோட்டா. இது எப்படி உள்ளே போகிறது என்று பலர் கேட்பார்கள். தோட்டாவின் மேல் போட்டிருக்கும் நீளம், சுட்ட பிறகு வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் 70 மில்லிமீட்டர் தோட்டா 65 மில்லிமீட்டர் அறைக்குள் பேசாமல் போய் உட்கார்ந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல் அறைக்கு முன்னால் இருக்கும் குறுகலான பகுதிக்குள் போய் விரியும். அழுத்தம் ஏறும், உதைப்பும் ஏறும். குழாய்க்கே ஆபத்து. இந்தக் குழாய்கள் தப்பியது அவருடைய நல்ல காலம். அந்த உதைப்பையும் சேர்த்து வாங்கியது எண்ணெயில் ஊறிய மரம்.

அளவு புரிவதற்காக ஒரு கணக்குச் சொல்கிறேன். சாதாரண 12 போர் தோட்டாவில் சுமார் 30 கிராம் ஈய ரவை, நொடிக்கு 400 மீட்டரை ஒட்டிய வேகத்தில் வெளியே போகிறது. வாயுவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 3 கிலோ எடையுள்ள துப்பாக்கி நொடிக்கு நான்கைந்து மீட்டர் வேகத்தில் பின்னால் கிளம்பும். துப்பாக்கியில் முக்கால்வாசி எடை உலோகம். அந்த உலோகத்தை மனிதனின் தோளில் நிறுத்துவது, இரண்டு விரல் கனத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு மரக் கழுத்து.

ஒட்டலாமா என்று யோசித்தது

உடைமைக்காரர் ஒட்டச் சொன்னதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனசில்லை. அப்பாவின் கட்டை என்பது சாதாரண விஷயம் இல்லை. அதனால் ஒட்டும் வழிகளை எல்லாம் ஒழுங்காகவே பார்த்தோம்.

மரம் சுத்தமாக இருந்து, பிளவின் இரு முகமும் பொருந்தி உட்கார்ந்தால், கழுத்து விரிசலைக்கூட ஒட்ட முடியும். மெல்லிய எப்பாக்சியை (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) பிளவுக்குள் ஊதி இறக்கி, இடுக்கி போட்டுக் காய வைத்து, அப்புறம் விரிசலுக்குக் குறுக்கே மரை போட்ட பித்தளைக் கம்பியை எப்பாக்சியோடு உள்ளே செலுத்தி, மேலே மரத்தால் மூடினால் அது வலுவான வேலை. மரை பசையைப் பிடித்துக்கொள்ளும், வழவழப்பான கம்பி பிடிக்காது. சாதாரண வெள்ளைப் பசை இந்த இடத்துக்கு ஆகாது. தொடர்ந்து இழுவை இருந்தால் மெல்ல நகர்ந்து கொடுத்துவிடும். பழைய விலங்குப் பசை நம்ம ஊர் ஈரத்தில் இளகிவிடும்.

எண்ணெய்தான் தடை. எண்ணெய் ஊறிய மரத்தில் எப்பாக்சி ஒட்டாது, ஒட்டினது போலக் காட்டும். தலைப் பகுதியை அசிட்டோனில் ஊற வைத்தோம், சாக்கட்டித் தூளைக் குழைத்து அப்பி வெயிலில் வைத்தோம். தூள் பழுப்பாக மாற மாற உதிர்த்துவிட்டு மறுபடி அப்பினோம். எண்ணெய் நிறையவே வந்தது, நிறமும் தெளிந்தது. ஆனால் ஊசி முன்பு போலவே இறங்கியது. எண்ணெயை எடுத்துவிடலாம், செத்த நாருக்கு உயிர் கொடுக்க முடியாது.

மிச்சம் இருந்தது ஒட்டுக்கட்டை போடுவது. பழைய தோள் பகுதியை வைத்துக்கொண்டு, கழுத்தோடு தலையையும் வெட்டிவிட்டுப் புது மரத்தில் தலை செய்து நீளச் சாய்வு இணைப்பில் சேர்க்கலாம். கை தேர்ந்தவர்கள் செய்த அப்படிப்பட்ட இணைப்பைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. இதில் நார் ஓட்டம் சாய்வாக இருந்ததால் இணைப்பின் பழைய மரப் பக்கமே பலவீனமாக நின்றது. வைத்துப் பார்க்கும் துப்பாக்கி என்றால் செய்திருப்பேன். இது தோட்டத்தில் வேலை செய்கிற துப்பாக்கி. கழுத்து விட்டுப்போகும் நொடியில் முகம் கட்டையின் மேல் இருக்கும், விரல் விசைக்குப் பக்கத்தில் இருக்கும், இரண்டாவது குழாயில் தோட்டா இருக்கும். இங்கே சந்தேகத்தின் பலனை மரத்துக்குக் கொடுக்க முடியாது.

"ஐயா, ஒட்டினா பார்க்க அழகா இருக்கும். சுட்டா நிக்குமான்னு கேட்டா என்னால ஆமான்னு சொல்ல முடியல" என்றேன். அவர் கட்டையைக் கையில் வாங்கி, கன்னம் படும் இடத்தைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். "சரி, புதுசு போடு. ஆனா அப்பா கட்டைய வச்சே அளவு எடு" என்றார்.

ரைபிள் வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்விகள்தான், இடம் மட்டும் மாறும். ஒரே மரத்தில் செய்த போல்ட் ரைபிள் கட்டையில், ரிசீவருக்கு (ரைபிளின் உலோக உடல்) அடியில் இருக்கும் உதைப்புத் திமில் மரத்தில் உட்காரும். அந்த இடம் நசுங்கினால் ரிசீவரின் வால் மரத்தில் மோதி அதன் பின்னால் பிளக்கும், இங்கே நடந்தது போலவே. லீ என்ஃபீல்ட் என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளில் முன்கட்டையும் பின்கட்டையும் தனித்தனி. உதைப்பை வாங்குவது முன்கட்டையின் பின்முனையில் இருக்கும் இரண்டு சின்ன முகங்கள். அவை தேய்ந்தால் கடின மரத்தில் ஒட்டுத் துண்டு வைத்துச் சரி செய்வது பழைய ராணுவப் பட்டறை முறை. அந்தத் துப்பாக்கியின் பழைய நம்பர் 1 ரகத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையின் போல்ட்டைத் திருகினால், போல்ட்டின் சதுர முனை திரும்பி முன்கட்டையைப் பிளந்துவிடும். அருங்காட்சியகத்துக்காக வேலை செய்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

மரம்

வெளிநாட்டில் இருந்து வால்நட் வரவழைக்கலாம் என்று தவுக்கே சொன்னார். காய்ந்த குளிர்நாட்டுப் பலகை நம்ம ஊர் ஈரத்தை உறிஞ்சி ஊதும், உடனே செதுக்க முடியாது, மாதக்கணக்கில் இங்கேயே போட்டுப் பழக்க வேண்டும். உள்ளூர் மரம் பார்க்கலாம் என்றேன்.

செங்கால் வேண்டாம், கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல். அந்தக் கனத்தில் துப்பாக்கியின் சமநிலை போய்விடும். மெர்பாவும் 800 கிலோவை ஒட்டியது. ரெங்காஸ் பார்க்கக் கொள்ளை அழகு, ஆனால் அதன் பால் பட்டால் தோல் வெந்துவிடும். கன்னம் வைக்கிற கட்டைக்கு அதை நினைக்கவே கூடாது. பால்மரம், அதாவது ரப்பர் மரம், எடையில் சரியாக இருக்கிறது, மூவாரில் இருந்து நாற்காலி நாற்காலியாக உலகம் முழுக்கப் போகிறது. ஆனால் மருந்து ஏற்றாவிட்டால் வண்டும் நீலக்கறையும் முதலில் தேடி வரும் மரம் அது.

எடுத்தது சேனா. அங்சானா என்றும் சொல்வார்கள், சாலையோரத்தில் மஞ்சள் பூவைக் கொட்டுமே, அதே மரம். தமிழ்நாட்டு வேங்கைக்கு நெருங்கிய சொந்தம், வெட்டினால் அதே போல் சிவப்பாக ரத்தம் கசியும். எடை வால்நட்டை ஒட்டி வரும், காய்ந்த பிறகு ஊதுவதும் சுருங்குவதும் குறைவு. எனக்கு இந்த மரத்தின் மேல் தனிப் பிரியம். சீவலைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஊற வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் தண்ணீர் நீலமாக மினுங்கும். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சிறுநீரக மருந்தென்று விற்ற அதிசய மரக் குவளைகளில் இதுவும் ஒன்று.

மரக்கடையில் பல வருஷமாக அடுக்கிக் கிடந்த, 60 மில்லிமீட்டருக்கு மேல் கனமான பலகை கிடைத்தது. பலகையைப் புரட்டிப் புரட்டி, கழுத்து வரும் இடத்தில் நார் நேராக ஓடும் வளைவைத் தேடி அதன் மேல் கட்டையின் வடிவத்தை வரைந்தேன். தோள் பக்கத்து வரிகள் சுமாராகத்தான் அமைந்தன, அதில் எனக்கு வருத்தம் இல்லை. வெட்டிய துண்டைப் பட்டறையிலேயே வைத்து, எடை மாறாமல் நிற்கும் வரை வாராவாரம் நிறுத்தோம். ஈரமானி 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. நம்ம ஊர் காற்றுக்கு அதுதான் மரத்தின் இயல்பு நிலை. இதற்குக் கீழே காயவைத்துச் செதுக்கினால் முதல் மழைக்கே ஊதிக்கொண்டு உலோகத்தை நெருக்கும்.

பொருத்தியது

உடைந்த பழைய கட்டையைச் சாதாரணப் பசையில் ஒட்டினோம், அளவு எடுக்க மட்டும். அப்பா கட்டையை வைத்து அளவு எடு என்றாரே, அதில் ஒன்றை மட்டும் மாற்றினேன். விசையில் இருந்து தோள்முனை வரை பழைய கட்டை 14 முக்கால் அங்குலம் இருந்தது. நெட்டையான துரைக்குச் சரி. இவர் குள்ளம். இத்தனை வருஷமும் கழுத்தை நீட்டிக்கொண்டு, கட்டையைத் தோளில் பாதியும் கையில் பாதியுமாக வைத்துச் சுட்டிருக்கிறார். மெல்லிய ரப்பர் அட்டையோடு சேர்த்து 14 அங்குலமாகக் குறைத்தோம். கன்னம் படும் மேட்டின் உயரத்தை அப்படியே விட்டேன்.

கட்டைக்கு வெளி வடிவம் கொடுப்பதற்கு முன் தலையைச் செதுக்க வேண்டும். பலகை சதுரமாக இருக்கும்போதுதான் இடுக்கியில் ஆடாமல் நிற்கும், தலையில் ஏதாவது தவறினால் கொஞ்சம் வெட்டிவிட்டுப் பின்னால் தள்ளி மறுபடி தொடங்கவும் இடம் இருக்கும். தவுக்கே ஆக்‌ஷனை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டிக் கரி பூசிக் கொடுப்பார். அதை மரத்தில் வைத்து மெல்லத் தட்டி எடுத்தால் மரம் தொட்ட இடம் மட்டும் கறுத்திருக்கும். கறுத்த இடத்தை உளியால் ஒரு மயிரிழை சீவ வேண்டும். மறுபடி புகை, மறுபடி தட்டல், மறுபடி சீவல். அவசரம் உள்ளவனுக்கு இது வேலையே இல்லை. உப்புத்தாள் இங்கே தொடவே கூடாது. ஓரங்களை உருட்டிவிடும், உருண்ட ஓரம் எதையும் தாங்காது. ஆக்‌ஷனின் முதுகு முழுவதும் ஒரே சீராகக் கரி பதியும் வரை நிறுத்தவில்லை. எப்பாக்சியை அப்பி இடைவெளியை நிரப்பிவிடலாம் என்று தவுக்கே ஒருமுறை சொன்னார். ரைபிளில் அது நல்ல முறைதான். இந்தத் தலையில் விசை உறுப்புகளுக்காகக் குடைந்தது போக மிஞ்சுவது மெல்லிய சுவர். அதில் மரமே நேராகத் தாங்குவது மேல் என்று பட்டது.

முதுகு முழுசாக உட்கார்ந்த பிறகு, வால்பட்டை நுனிக்குப் பின்னால் முக்கால் மில்லிமீட்டர் அளவு மரத்தைச் சீவி இடைவெளி விட்டேன். பார்க்கிறவர்கள் பொருத்தம் சரியில்லை என்று நினைப்பார்கள். அந்தச் சின்ன இடைவெளி இல்லாததுதான் பழைய கட்டையைப் பிளந்தது. திருகாணித் துளைகளையும் ஆணியை விடக் கொஞ்சம் பெரிதாக விட்டேன், உதைப்பு ஆணி வழியாக மரத்துக்குள் போகக் கூடாது.

வெளி வடிவம் கொடுத்தது எல்லாம் வழக்கமான மரவேலை, அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அரம், சுரண்டு தகடு, அப்புறம் உப்புத்தாள். ஈரத் துணியால் துடைத்து எழுந்த நாரைத் திரும்பத் திரும்பத் தேய்த்தேன்.

தலையின் உள்முகம், துளைகள், தோள்முனை என்று நார் வாய் திறந்து நிற்கும் எல்லா இடத்திலும் மெல்லிய எப்பாக்சியை ஊறவிட்டேன். இனி எண்ணெய் உள்ளே இறங்காது, ஈரமும் ஏறாது. வெளியே வெறும் ஆளிவிதை எண்ணெய் போடுவதுதான் பழைய வழக்கம். நம்ம ஊரில் அது பூஞ்சைக்குச் சாப்பாடு, மழை மாதத்தில் கட்டை முழுக்கப் பச்சை பூத்துவிடும். டங் எண்ணெயும் வார்னிஷும் கலந்ததைக் கையால் தேய்த்து, மெல்லிய பூச்சாக, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது என்று ஏற்றினேன். இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இப்படிப்பட்ட எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

சுட்டுப் பார்த்த பிறகு

சோதனைச் சுடல் தவுக்கேயின் பொறுப்பு. 65 மில்லிமீட்டர், குறைந்த கனத் தோட்டாவில் தொடங்கினார். சில தோட்டா சுட்டதும் ஆக்‌ஷனைக் கழற்றி மறுபடி கரி பூசிப் பார்த்தோம். முதுகு முழுவதும் பதிந்தது, வால்பட்டை நுனியில் ஒரு பொட்டுக்கூட இல்லை. உடைமைக்காரர் காலித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றியபோது கட்டை தானாகவே கன்னத்துக்கு வந்தது. "இவ்ளோ நாள் இது எனக்கு இவ்ளோ பெருசா இருந்துச்சா தம்பி?" என்று கேட்டார்.

கொடுக்கும்போது தவுக்கே அவரிடம் தோட்டாப் பெட்டியைக் காட்டி, நீளம் எங்கே எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்லிக் கொடுத்தார். 70 மில்லிமீட்டர் தோட்டா வீட்டில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று மிச்சம் இருந்ததைக் கடையில் ஒப்படைக்கச் சொன்னார். நான் சொன்னது துப்பாக்கியை வைக்கும் முறை. துடைத்த அன்றைக்குக் குழாய் கீழே பார்க்க நிறுத்துங்கள், எண்ணெய் மரத்துக்கு வராமல் குழாய் வாய்க்குப் போகட்டும். எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும், ஊற்ற வேண்டாம். துணி உறையில் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஐப்பசி மழை முடிந்து லைசன்ஸ் புதுப்பிக்க வந்தபோது துப்பாக்கியைக் கடையில் பிரித்துப் பார்த்தோம். பின் திருகாணி கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் இறுக்கம் கேட்டது. புது மரம் உலோகத்தோடு உட்காரும் முதல் வருஷத்தில் அது எதிர்பார்த்ததுதான். தலை முகத்தில் நசுங்கல் இல்லை. வால்பட்டைக்குப் பின்னால் விட்ட இடைவெளியில் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது, மரம் அந்தப் பக்கம் ஊதியிருக்கிறது. அதை மறுபடி சீவிச் சரி செய்து, சீவின இடத்தில் எப்பாக்சி பூசினேன். கழுத்தில் பழைய கட்டையில் இருந்தது போல், பிடி வழுக்காமல் இருக்கக் கட்டக்கோடு வெட்ட வேண்டும் என்று அவர் கேட்கிறார். இன்னொரு மழைக்காலம் போய், இடைவெளி மாறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு வெட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.